இமைமுடியும் விரித்த கூந்தலும்: ஷேடருக்கு முதல் தடிப்பைப் பாருங்கள்

கல்முனைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் கண்ணகி பாத்திரம் ஒன்று செய்கிறாராம். வைகாசிச் சடங்குக்கு முன்னால் ஒரு சின்ன அனிமேஷனாக முடிக்க எண்ணம். விரித்த கூந்தல், மை தீட்டிய கண். முகத்தோல் திருப்தியாக வந்துவிட்டது. ஆனால் இமைமுடி தும்புத்தடியைப் பிய்த்து ஒட்டின மாதிரி நிற்கிறது. மெல்லிசாக்கினால் புள்ளி புள்ளியாக உடைந்து பாதி காணாமற் போகிறது. கூந்தலோ ஒரே கறுப்புப் படலமாகத் தெரிகிறது. "எந்த ஷேடர் போட்டால் சரிவரும் அண்ணா?" என்பது கேள்வி.

தம்பி, ஷேடரை, அதாவது ஒரு பொருளில் ஒளி எப்படித் தெரியும் என்று சொல்லும் அமைப்பை, பிறகு பார்ப்போம். நீங்கள் சொன்ன மூன்று குறையில் முதலாவது தடிப்பால் வருகிறது, இரண்டாவது பிக்சலால் வருகிறது, மூன்றாவது வெளிச்சத்தால் வருகிறது. ஷேடரில் எந்த எண்ணைத் திருகினாலும் இவை போகாது.

தடிப்பில் தொடங்குவோம். மனிதத் தலைமுடி ஒன்றின் விட்டம் ஏறத்தாழ 0.05 இலிருந்து 0.1 மில்லிமீற்றர் வரை வரும். நம்மாட்களின் முடிக்கு 0.07 அல்லது 0.08 என்று வைத்துக்கொண்டால் போதும். இப்போது பிளெண்டரைப் பாருங்கள். பழைய பார்ட்டிக்கிள் முறையில் முடி போட்டால், வேர் விட்டம் 1, அதைப் பெருக்கும் ரேடியஸ் ஸ்கேல் 0.01 என்றுதான் தொடக்கத்தில் கிடக்கும். அப்படியென்றால் வேரில் ஒரு சென்ரிமீற்றர் தடிப்பு. உண்மையைவிட நூறு மடங்குக்கும் மேல். பலர் இதைக் கண்ணால் பார்த்துக் குறைத்து ஒரு மில்லிமீற்றரில் நிறுத்திவிடுகிறார்கள், வியூபோர்ட்டில் (நாம் வேலை செய்யும் திரையில்) அது மெல்லிசாகத்தான் தெரியும். அதுவும் பத்து மடங்குக்கு மேல் பருமன். கண்ணை நம்பாமல் எண்ணைப் போடுங்கள்.

புதிய ஹேர் கர்வ்ஸ் முறையில் (2022 இல் வந்த பிளெண்டர் 3.3 இலிருந்து இருக்கிறது. கையில் எடுத்துப் பாவிக்கத்தக்க நோட்கள், அதாவது ஒன்றோடொன்று இணைக்கும் கட்டளைப் பெட்டிகள், 3.5 இல் சேர்ந்தன) கேட்கப்படுவது விட்டம் இல்லை, ஆரை. 0.07 மில்லிமீற்றர் முடிக்கு அங்கே 0.000035 மீற்றர் போட வேண்டும். பெட்டி அதைச் சுருக்கி வெறும் பூச்சியம் போலக் காட்டினாலும் உள்ளே எண் இருக்கும், பதற வேண்டாம். நுனியை வேரின் கால்வாசிக்கும் கீழே கூராக்குங்கள். இதெல்லாம் பலிக்க வேண்டுமென்றால் பாத்திரத்தின் உயரமும் உண்மை அளவில் இருக்க வேண்டும். வேறு மென்பொருளில் இருந்து இறக்கிய உடல் சிலவேளை 160 மீற்றர் உயரத்தில் வந்து நிற்கும். உயரத்தைப் பார்த்து, ஸ்கேலை அப்ளை பண்ணிவிட்டு, அதற்குப் பிறகு முடியில் கைவையுங்கள்.

சரி, தடிப்பு ஒழுங்காகிவிட்டது. உடனே இரண்டாவது குறை தலைதூக்கும்: முடி உடைந்து மறையும். இதைக் கண்டு பயந்துதான் ஆட்கள் மறுபடி தடிப்பைக் கூட்டுகிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். மோவாயில் இருந்து உச்சி வரை தலை 22 சென்ரிமீற்றர் என்று வைப்போம். அது 1080 பிக்சல் உயரப் படத்தை முழுதாக நிரப்பினால், ஒரு பிக்சலுக்குள் 0.2 மில்லிமீற்றர் அடங்கும். உங்கள் முடி அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆள் முழுதாகத் தெரியும் காட்சியில் ஒரு பிக்சல் ஒன்றரை மில்லிமீற்றர். இருபது முடி பக்கம் பக்கமாகப் படுத்தால்தான் அது நிரம்பும். இரண்டு கண்ணும் மட்டும் 1920 பிக்சல் அகலத்தை நிரப்புகிற அண்மைக் காட்சியில்தான் முடி ஒன்றும் பிக்சல் ஒன்றும் ஏறக்குறையச் சமமாகின்றன. அதைவிடத் தள்ளி நின்றால் முடி எப்போதும் பிக்சலை விடச் சிறியது. பிளெண்டரில் இறுதிப் படத்தைக் கணக்கிடும் (ரெண்டர் செய்யும்) சைக்கிள்ஸ் அதை ஒரு கோடாக வரைவதில்லை. பிக்சலுக்குள் கதிர்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக எறிந்து, எத்தனை முடியில் பட்டன, எத்தனை தாண்டிப் போயின என்று சராசரி எடுக்கிறது. கதிர் குறைந்தால் சில பிக்சலில் முடி அகப்படும், அடுத்ததில் தவறும். நீங்கள் கண்ட புள்ளிகள் அவைதான்.

ஆகவே இதற்கு மருந்து சாம்பிள், அதாவது ஒரு பிக்சலுக்கு எறியும் கதிர்களின் எண்ணிக்கை. இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு சாம்பிள் தேவை என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எண்ணைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். ஆனால் இங்கே ஒரு ஒளிந்த பொறி இருக்கிறது. அடாப்டிவ் சாம்பிளிங் (தேவையில்லாத இடத்தில் கதிரைக் குறைக்கும் அமைப்பு) திறந்திருந்தால், ஒரு பிக்சலில் முதல் சில கதிர்களும் முடியைத் தவறவிட்டால், "இங்கே வெறும் தோல்தான், வேலை முடிந்தது" என்று அது எண்ணி ஒதுங்கிவிடும். தனித்து நிற்கும் இமைமுடிக்கு இது அடிக்கடி நடக்கும். குறைந்தபட்ச சாம்பிளைக் கேட்கும் Min Samples என்ற பெட்டியில் 128 போல ஒன்றைப் போட்டுவிட்டால் எல்லாப் பிக்சலுக்கும் அந்த அளவாவது கிடைக்கும்.

அடுத்தது இரைச்சலைத் துடைக்கும் டீநொய்ஸர். குறைந்த சாம்பிளில் ரெண்டர் போட்டு டீநொய்ஸரிடம் கொடுத்தால் அது முடியையும் இரைச்சலாக நினைத்து மெழுகிவிடும். தோலுக்கு அது கெட்டிக்காரன், முடிக்கு இல்லை. அல்பீடோ (மேற்பரப்பின் நிறம்), நோர்மல் (மேற்பரப்பு பார்க்கும் திசை) இரண்டையும் அதற்குக் காட்டி, ப்ரீஃபில்டரை அக்யூரேட்டில் வையுங்கள். அப்படியும் இமை குழைந்தால் டீநொய்ஸர் போடாத படத்தை மேலே வைத்து, கண்ணைச் சுற்றி மட்டும் மாஸ்க் எடுத்துக் கலந்துவிடலாம். கண்ணோரத்தில் கொஞ்சம் மணல் போல இருந்தாலும் குற்றமில்லை. ஃபில்டர் அகலம் (பக்கத்துப் பிக்சல்களை மென்மையாகக் கலக்கும் அளவு) தொடக்கத்தில் 1.5 பிக்சல் இருக்கும். அதைக் குறைத்தால் கூர்மை வரும் என்று சொல்லுவார்கள், முடிக்கு அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

தூரக் காட்சிக்கு இன்னொரு வழி உண்டு. எண்ணிக்கையைப் பாதியாக்கினால் தடிப்பை இரு மடங்காக்குங்கள். மூடும் பரப்பு மாறாது, ரெண்டர் இலேசாகும். ஆர்னோல்ட் என்ற இன்னொரு ரெண்டர் மென்பொருளில் இதற்கென்றே குறைந்தபட்சப் பிக்சல் அகலம் என்று ஒரு அமைப்பு இருக்கிறது: முடியைச் சற்று அகலமாக்கி, அதே விகிதத்தில் ஒளி ஊடுருவ விடும். பிளெண்டரில் கையால்தான் செய்ய வேண்டும். கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு ஒன்று என்று இரண்டு கூந்தல் வைத்திருங்கள்.

இமை காணாமற் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பெரும்பாலானோர் கவனிப்பதில்லை. உங்கள் கண்ணகிக்குப் பின்னால் பிரகாசமான வானம் இருக்கிறதா? ஒளியின் கணக்கில் வெள்ளை என்பது 1 என்றால், பின்னணி வானம் 8 ஆக இருக்கலாம். கறுப்பு முடி பாதி மூடிய பிக்சலில் சராசரி 4. அதுவும் வெள்ளைதான்! முக்கால்வாசி மூடினாலும் 2, அப்போதும் வெள்ளை. முடி அங்கே இருக்கிறது, வானம் அதைத் தின்றுவிட்டது. பிளெண்டர் 4.0 இலிருந்து இயல்பாக வரும் ஏஜிஎக்ஸ் என்ற ஒளி-நிற மாற்றம் இதைக் கொஞ்சம் தணிக்கும், தீர்க்காது. கமராவுக்குத் தெரியும் பின்னணியை மட்டும் லைட் பாத் நோட் (கதிர் எந்த வகை என்று சொல்லும் நோட்) வைத்து மங்கலாக்குங்கள். பாத்திரத்தின் மேல் விழும் வெளிச்சம் அப்படியே இருக்கட்டும். உண்மைக் கமராவிலும் வானம் வெளிறினால் முடி கரையத்தான் செய்யும், ஆகவே அளவோடு செய்யுங்கள்.

இனி இமைமுடி. ஒரு சின்னக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உங்கள் கண்ணையே பாருங்கள். மேலிமையின் ஓரம் ஒரு கோடு இல்லை. ஏறத்தாழ இரண்டு மில்லிமீற்றர் அகலமான, ஈரமான ஒரு விளிம்பு. முடி முளைப்பது அந்த விளிம்பின் முன்பக்கத்தில், தோல் மடியும் இடத்தில். முடிக்கும் விழிக்கும் நடுவே வெளிறிய ரோசா நிறத்தில் ஒரு வெறும் பட்டை தெரியும். தொடங்குகிறவர்களின் பாத்திரங்களில் இந்தப் பட்டை இருப்பதே இல்லை. இமை ஒரு கத்தி விளிம்பாக முடியும், முடி விழியில் இருந்தே முளைக்கிற மாதிரித் தோன்றும். முடியை எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் கண் பொய்யாக நிற்பதற்கு இது ஒன்றே போதும். முதலில் இமைக்கு அந்தத் தடிப்பைக் கொடுங்கள். கீழிமை விழியைத் தொடும் இடத்தில் கண்ணீர்க் கோட்டுக்கு ஒரு மெல்லிய ஈரப் பட்டியும் வையுங்கள்.

எண்ணிக்கை: மேலிமையில் 90 முதல் 150 வரை, கீழிமையில் 70, 80 போல. நீளம் மேலே 8 முதல் 12 மில்லிமீற்றர், கீழே 6 முதல் 8. ஒரே வரிசையில் நடாதீர்கள். அவை இரண்டு மூன்று வரிசையாக, ஒழுங்கில்லாமல் முளைக்கின்றன. ஒரு மில்லிமீற்றர் அகலப் பட்டையில் சிதறவிட்டாலே பாதி வேலை முடிந்தது. மூக்குப் பக்கம் குட்டை, நடுவைத் தாண்டி வெளிப்பக்கம் போகப் போக நீளம், கடைசி ஓரத்தில் சற்றுக் குறைவு. மேலிமை முடி முதலில் முன்னோக்கியும் சற்றுக் கீழ்நோக்கியும் போய்ப் பிறகுதான் மேலே வளையும். வேரில் இருந்தே மேல்நோக்கி வளைத்தால் பொம்மைக் கண் வந்துவிடும்.

அடுத்தது கொத்து. இமைமுடிகள் தனித்தனியாக நிற்பதில்லை. இரண்டு, மூன்று, சில இடத்தில் ஐந்து என்று நுனிகள் ஒன்றோடொன்று சாய்ந்து சிறு முக்கோணங்களாகும். கண்மை தீட்டிய கண்ணில் இது இன்னும் கூடும், ஈரமும் எண்ணெயும் சேர்ந்து ஒட்டவைக்கும். கிளம்ப் நோட்டைப் போடுங்கள், ஆனால் எல்லாக் கொத்தும் ஒரே பருமனாக வரவிடாதீர்கள். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு முடி எந்தக் கொத்திலும் சேராமல் குறுக்கே போகட்டும். ஓரிரு முடி பக்கத்து முடியைக் கடந்து போனால் இன்னும் நல்லது. மையை முடிக்குப் பூசுவதோடு நிறுத்தாமல் விளிம்புத் தோலிலும் மங்கலாகத் தேய்த்துவிடுங்கள். வேர்கள் அந்தக் கருமையில் அமுங்கிவிடும், நடவு செய்த அடையாளமும் மறையும்.

மேலிமைக்கு எட்டுப் பத்து வழிகாட்டிக் கோடுகளைக் கையால் வரைந்து, மிச்சத்தை இன்டர்போலேட் நோட்டிடம் விடலாம். அந்தக் கர்வ்ஸ் தோலோடு ஒட்ட தோல் மெஷுக்கு ஒழுங்கான யூவி மேப் (மெஷைத் தட்டையாக விரித்த வரைபடம்) வேண்டும், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய யூவியில் முடி இடம் மாறி முளைக்கும். கண் சிமிட்டும்போது இமைமுடி காற்றிலேயே நின்றுவிட்டால், ஷேப் கீ (முகபாவ வடிவங்கள்) பலகத்தில் ரெஸ்ட் பொசிஷன் சேர்த்திருக்கிறதா, முடியில் டிஃபோர்ம் கர்வ்ஸ் ஆன் சர்ஃபேஸ் நோட் இருக்கிறதா என்று பாருங்கள். அனிமேஷன் என்று சொன்னபடியால் இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். அண்மைக் காட்சிக்கு ரெண்டர் அமைப்பில் கர்வ்ஸ் வடிவத்தை தட்டை நாடாவான ரவுண்டட் ரிப்பனில் இருந்து உருளையான த்ரீடி கர்வ்ஸுக்கு மாற்றுங்கள். மற்றதற்கு ரிப்பனே போதும், வேகமும் கூட.

இறக்கிய உடல்களில் இமைமுடி படமாக ஒட்டிய தகடாக வரும். தூரத்துக்கு அது சரி. அதில் கறுப்புத் திட்டு தெரிந்தால், ஒன்றின் பின் ஒன்றாக வரும் ஊடுருவு தகடுகளுக்குக் கதிர்த் தாவல் போதவில்லை என்று அர்த்தம். ரெண்டர் அமைப்பின் லைட் பாத் பகுதியில் ட்ரான்ஸ்பேரன்ட் 8 என்று இருக்கும், 32 ஆக்குங்கள். கண் மட்டும் தெரியும் காட்சிக்குத் தகடு சரிவராது.

இமைமுடியை நம்ப வைப்பதில் பாதிப் பங்கு முடிக்கு வெளியே இருக்கிறது. மேலிமையும் அதன் முடியும் விழியில் பிரதிபலிக்க வேண்டும்: கருவிழியில் விழும் வெளிச்சப் புள்ளியின் மேற்பக்கத்தை முடிகள் கீறிக்கொண்டு நிற்கும். வெண்விழியின் மேற்பகுதி இமையின் நிழலில் சற்று மங்கும். விழிக்கு வழுவழுப்பான வெளிப்படலம் இருந்தால், சைக்கிள்ஸ் இதைத் தானே செய்துவிடும். படலமே இல்லாமல் வெளிச்சப் புள்ளியைத் தெக்ஸ்சரில் வரைந்து வைத்திருந்தால் வராது.

இனிக் கூந்தல், அதாவது கறுப்புப் படலப் பிரச்சினை. இன்றைய முடி ஷேடர்களுக்கெல்லாம் அடி, 2003 இல் மார்ஷ்னரும் கூட்டாளிகளும் எழுதிய ஆய்வு. முடியில் படும் ஒளியை அவர்கள் மூன்றாகப் பிரித்தார்கள். மேற்பரப்பிலேயே தெறிப்பது ஒன்று, முடிக்கு ஊடாகக் கடந்து மறுபக்கம் போவது ஒன்று, உள்ளே போய் பின்சுவரில் தெறித்துத் திரும்பி வருவது ஒன்று. முதலாவது ஒளியின் நிறத்திலேயே இருக்கும், மற்ற இரண்டும் முடியின் நிறத்தை ஏந்தி வரும். வெள்ளைக்காரரின் பொன்முடியில் இந்த இரண்டும்தான் அழகு. நம்முடைய முடியில் மெலனின் என்ற நிறப்பொருள் அவற்றை உள்ளேயே விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது முதலாவது மட்டும். ஆகவே கறுப்புக் கூந்தல் என்று நாம் பார்ப்பது முடியில் தெறிக்கும் வானத்தையும் சுவரையும் விளக்கையும்தான். தெறிக்க ஒன்றும் இல்லாத வெறும் உலகத்தில் ஒரு விளக்கை மட்டும் வைத்தால் கூந்தல் கறுப்புப் படலமாகத்தான் வரும். இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் பெரும்பாலும் பழுப்பு, பொன்முடிக்கு எழுதியவை. அந்த எண்களை அப்படியே எடுத்தால் நமக்குப் பொருந்தாது.

பிரின்சிப்பிள்ட் ஹேர் என்ற பிளெண்டரின் முடி ஷேடரில் நிறத்தைத் தெரிவு செய்யாமல் மெலனின் முறையை எடுங்கள். நான் 0.9 இலிருந்து 0.95 வரை வைப்பேன், சிவப்புக் காரணியை 0.3, 0.4க்கு இறக்குவேன். 1 போட வேண்டாம். பின்னால் வெளிச்சம் வரும்போது கிடைக்கிற பழுப்பு விளிம்பு அதில் செத்துவிடும். மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையில் காலை ஆறு, ஆறரைக்குக் கடலில் இருந்து சூரியன் ஏறும்போது, அதற்கு முன்னால் நிற்கிற யாருடைய கூந்தலையும் பாருங்கள்: நடுவில் கறுப்பு, ஓரத்தில் செம்பழுப்பு. முடிக்கு ஊடாகக் கடந்து வருகிற அந்த இரண்டாவது ஒளி அங்கேதான் தெரியும். நுனியில் மெலனினை 0.8 போலக் குறைத்தால் வெயிலும் உப்புக்காற்றும் பட்ட முடி வந்துவிடும்.

ரஃப்னஸ் (சொரசொரப்பு) 0.2 முதல் 0.3. எண்ணெய் பூசிய தலைக்கு அந்த ஷேடரின் ஷியாங் வகையில் கோட் (மேற்பூச்சு) 0.3 கொடுத்து, கொத்துகளையும் பெரிதாக்குங்கள். எண்ணெய் என்றால் மினுக்கம் மட்டுமில்லை, முடிகள் ஒட்டிக்கொள்வதும்தான். நம் முடி முழு வட்டமும் இல்லை, சற்று நீள்வட்டம். 4.0 இல் வந்த ஹுவாங் வகையில் அதையும் கொடுக்கலாம், ஆனால் அங்கே கோட் கிடையாது.

வெளிச்சத்துக்கு: பெரிய, மென்மையான ஒளி ஒன்று மேலே இருந்து, எதிர்ப்பக்கம் பின்னால் சிறியது ஒன்று, சுற்றிவர ஒரு எச்டிஆர் வானம் (உண்மை ஒளியளவோடு எடுத்த சுற்றுப் படம்). பாலி ஹேவன் இணையத்தளத்தில் இலவசமாக எடுக்கலாம். மதிய வெயில் காட்சி என்றால் கவனமாக இருங்கள். நம் ஊரில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணியிலும் சூரியன் நடுப்பகலில் உச்சிக்கு நேரே வரும். புருவமும் இமையும் கண்ணை இருட்டாக்கும், இமைமுடியின் நிழல் கன்னத்தில் கோடு கோடாக விழும். கோபக் கண்ணகிக்கு அது பொருத்தம் என்றே நினைக்கிறேன், ஆனால் நிலத்தில் இருந்து தெறிக்கும் வெளிச்சத்தைச் சேர்க்காவிட்டால் கண்ணே தெரியாது.

கூந்தலின் வடிவத்தில் மூன்று தட்டு ஒழுங்கின்மை வேண்டும்: பெரிய அலை, அதற்குள் கொத்து, அதற்கு மேல் ஒவ்வொரு முடிக்கும் சிறு நடுக்கம். கடைசியாக நூற்றுக்கு இரண்டு மூன்று முடி கூட்டத்தை விட்டுப் பறக்கட்டும். வாவிக் காற்றின் ஈரத்தில் எந்தக் கூந்தலும் விளம்பரத்தில் வருகிற மாதிரிப் படிந்து கிடக்காது. பறக்கும் முடிகளைத் தனி ஒப்ஜெக்ட்டாக வையுங்கள், கூடிவிட்டால் குறைக்க இலேசு.

நெற்றியில் முடி தொடங்கும் இடம்தான் விக்கு போலத் தெரியவைப்பது. அங்கே ஒரு விரல் அகலத்துக்கு அடர்த்தியையும் தடிப்பையும் நீளத்தையும் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் குட்டை முடிகளைக் கண்டபடி சாயவிடுங்கள். கன்னத்திலும் மேலுதட்டிலும் காதோரத்திலும் பூனைமயிர் போடுங்கள்: 0.03 மில்லிமீற்றருக்குக் குறைந்த தடிப்பு, இரண்டு மில்லிமீற்றர் நீளம், மெலனின் மிகக் குறைவு. நேரே பார்த்தால் அது தெரியக் கூடாது. பக்கத்து வெளிச்சத்தில் கன்னத்தின் ஓரம் மட்டும் மென்மையாக வேண்டும். தெளிவாகத் தெரிந்தால் கூடிவிட்டது.

உங்களிடம் உள்ள 8 ஜிபி கிராபிக்ஸ் கார்ட் இதற்குக் காணும். தலையில் ஏறத்தாழ ஒரு இலட்சம் முடி என்பது பெரிய சுமையில்லை, நீண்ட கூந்தலுக்குப் புள்ளிகள் கூடுவதுதான் சுமை. வியூபோர்ட்டில் பத்து வீதம் மட்டும் காட்டுங்கள். பிளெண்டரின் வேகமான ரெண்டர் முறையான ஈவீயில் பிரின்சிப்பிள்ட் ஹேர் சரியாக வேலை செய்யாது, அதில் பார்த்து நிறம் தீர்மானிக்க வேண்டாம். அசைவுக்குப் போகுமுன் அடுத்தடுத்த ஐந்து ஃப்ரேம் மட்டும் போட்டு இமையைப் பாருங்கள். மினுங்கினால் சாம்பிள் போதவில்லை. மோஷன் பிளரைத் திறந்தால் பறக்கும் கூந்தலின் மினுங்கல் பெரும்பாலும் அடங்கும். இரவு ரெண்டர் போட்டுவிட்டுப் படுப்பதென்றால் வீடியோவாக எழுதாமல் ஒவ்வொரு ஃப்ரேமையும் ஈஎக்ஸ்ஆர் படமாகச் சேமியுங்கள், கரண்ட் போனாலும் நின்ற ஃப்ரேமில் இருந்து தொடரலாம்.